மங்கல் ஒளியில் வேலைத்தளப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் வீட்டுத்திட்டம், உள்ளூர் வீதி, மதகு, குளத்து நீரைத் திறந்துவிடும் துருசு, பாடசாலைக் கட்டடம் என வேலை எதுவாயினும், அதனைப் பரிசோதிக்கச் செல்பவர் அளவுநாடாவோடு கைத்தொலைபேசியையும் கொண்டுதான் செல்கிறார். துணுக்காயில் ஒன்று, மாந்தை கிழக்கில் இரண்டு எனத் தளங்களைப் பார்த்துக் கடைசித் தளத்தை அடையும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. கார்த்திகையில் மாலை 5.50 அளவில் சூரியன் மறைந்த பின்னர் வேலைக்கு உதவும் வெளிச்சம் ஏறத்தாழ இருபது நிமிடம்தான் மிஞ்சும். தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் களப் பணியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கு தொகுத்துள்ளேன். பதில்கள் சாதாரண கைத்தொலைபேசியை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

1. பின்னேரம் எடுக்கிற படமெல்லாம் ஏன் கலங்கலா வருது? போன் பழசு எண்டதாலயோ?

தொலைபேசியின் வயது சிறு காரணம் மட்டுமே. வெளிச்சம் குறையும்போது, போதிய ஒளியைச் சேர்த்துக்கொள்வதற்காகக் கமரா ஒவ்வொரு படத்துக்கும் எடுக்கும் நேரத்தை நீட்டிக்கொள்கிறது. நண்பகலில் செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடும் படம், பொழுதுபட்ட பின்னர் செக்கனின் பதினைந்தில் ஒரு பங்கு வரை நீளலாம். அந்த நேரத்துக்குள் கை அசைந்தாலும் எதிரே நிற்பவர் அசைந்தாலும் அந்த அசைவு முழுவதும் படத்தில் பதிந்துவிடும்.

கலங்கலுக்குக் காரணம் எதுவென்பதைப் படமே காட்டிக்கொடுக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாப் பொருள்களும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. சுவர் தெளிவாகவும் மேசன் மட்டும் கலங்கலாகவும் இருந்தால் அவர் அசைந்திருக்கிறார். முன்னாலுள்ள கம்பி கலங்கி, பின்னாலுள்ள வேலி தெளிவாக இருந்தால் குவியம் (போகஸ்) தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. மின்குமிழைச் சுற்றிப் பனிமூட்டம்போல ஒரு வளையம் தெரிந்து, படம் முழுவதும் வெளிறியிருந்தால் கமராவின் வில்லையில் விரல் எண்ணெயோ வியர்வையோ படிந்திருக்கிறது. நான்குக்கும் பரிகாரம் வேறு வேறு என்பதால், காரணத்தை அறியாமல் செற்றிங்ஸை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

2. அப்ப சைற்றுக்குப் போனதும் முதல் என்ன செய்யிறது?

வில்லையைத் துடையுங்கள். சீமெந்துத் தூளும் மணலும் வில்லையில் கீறலை உண்டாக்கும் என்பதால், முதலில் ஊதித் தூசியை அகற்றிய பின்னரே பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். அந்தத் துணியைக் காற்சட்டைப் பையில் வெறுமனே வைத்தால் அதுவே புழுதியைச் சேர்த்துக்கொள்ளும். சிறு பொலித்தீன் பையொன்றில் இட்டு வைப்பது நல்லது.

அடுத்தது நிலை. இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, தோளைத் தூணிலோ சுவரிலோ சாய்த்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி எடுங்கள். கொங்கிறீட் வார்ப்புப் பலகையைப் புதிதாகக் கழற்றிய தூணிலும் சாரத்திலும் மட்டும் சாயாதீர்கள். திரையைத் தொடும்போது தொலைபேசி சற்று ஆடும். ஒலியளவுப் பொத்தானை அழுத்தினால் ஆட்டம் குறையும், இரண்டு அல்லது மூன்று செக்கன் தாமதத்தை வைத்தால் பெரும்பாலும் இல்லாமலே போகும். ஒரே காட்சியை அடுத்தடுத்து மூன்று முறை எடுத்தால், பொத்தானை அழுத்திய அதிர்வு அடங்கிய இரண்டாவது அல்லது மூன்றாவது படம் பெரும்பாலும் தெளிவாக அமையும்.

3. பிளாஷ் போட்டா சரிதானே, பிறகேன் இவ்வளவு பாடு?

பிளாஷ் சில இடங்களில் உதவும். பரிசோதனைப் படங்களில் அதிகமானவற்றைக் கெடுப்பதும் அதுவே. தொலைபேசியின் பிளாஷ் இரண்டு மூன்று மீற்றருக்கு அப்பால் பயன் தராது. தூரம் இரட்டித்தால் பொருளின்மீது விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே அருகிலுள்ள பலகை வெள்ளையாக வெளிறிப்போக, அதற்குப் பின்னாலுள்ள கம்பிக்கூடு இருளில் மறைந்துவிடுகிறது. நிலத்தில் நின்று கூரை மரங்களைப் பிளாஷில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இன்னொரு குறை, பிளாஷ் வில்லையின் அருகிலேயே இருப்பது. நேர் எதிரிலிருந்து விழும் ஒளியில் நிழல் தெரியாது. நிழல் தெரியாவிட்டால் வெடிப்பும் மேடுபள்ளமும் தட்டையாகிவிடும். கிரவல் வீதியில் வாகனமொன்று போன பின் காற்றில் நிற்கும் புழுதியும், மாரியில் விழும் தூறலும், வில்லைக்கு மிக அருகில் ஒளியைத் திருப்பி அனுப்பிப் படம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகளை விதைத்துவிடும். நனைந்த கம்பியும் ஈரக் கொங்கிறீட்டும் ஒளியை அப்படியே தெறிக்கவிடும். சீமெந்துப் பையிலுள்ள, இலங்கைத் தரநிலையைக் குறிக்கும் எஸ்.எல்.எஸ். இலச்சினை, கம்பியில் பொறிக்கப்பட்ட எழுத்து, பெயர்ப்பலகை போன்றவற்றை ஒரு மீற்றர் தூரத்தில் சற்றுச் சாய்வாக நின்று எடுப்பதற்குப் பிளாஷைப் பயன்படுத்தலாம். மற்ற இடங்களில் அதை நிறுத்தி வைப்பதே என் வழக்கம்.

4. ரோச் லைற்றை எங்க பிடிக்கிறது?

பக்கத்தில். இந்தத் தொகுப்பில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இயலுமெனில் இதையே வையுங்கள்: கமராவை ஓரிடத்திலும் ஒளியை வேறோரிடத்திலும் வைக்க வேண்டும். காலை வெயில் சாய்ந்து விழும்போது உழுத வயலின் ஒவ்வொரு சாலும் தனித்தனியே தெரிவதும், உச்சி வெயிலில் அதே வயல் ஒரே பரப்பாகத் தெரிவதும் நாம் அறிந்ததே. பலகை கழற்றிய தூணின் அடியை எடுத்துக்கொள்வோம். நேர் ஒளியில் அது வெறும் சாம்பல் நிறச் சதுரம். ரோச்சைத் தூணின் ஒரு விளிம்போடு ஒட்டி, ஒளி முகப்பின்மீது வழுக்கிச் செல்லுமாறு பிடித்தவுடன், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம் வரை சாந்து இறங்காத கல்லிடுக்குகள் ஒவ்வொன்றும் தன் நிழலோடு எழுகின்றன. இரு கற்களுக்கிடையே கட்டுக்கம்பியின் துருப்பிடித்த நுனிகூடத் தெரியவருகிறது. வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதற்குக் குறுக்காக ஒளியைப் பாய்ச்சினால்தான் அது நிழலாகத் தெரியும்; வெடிப்பின் திசையிலேயே பாய்ச்சினால் மறைந்துவிடும்.

ஆனால் சாய்ந்த ஒளி உள்ளதைப் பெரிதாக்கியும் காட்டும். ஏற்றுக்கொள்ளக்கூடிய சொரசொரப்பான பூச்சுகூட அந்த ஒளியில் பழுதானதுபோலத் தோன்றும். ஆகவே அதே இடத்தை ஓரளவு நேரான, பரந்த ஒளியிலும் ஒரு படம் எடுத்து இரண்டையும் சேர்த்தே அறிக்கையில் வையுங்கள். ஒப்பந்தகாரருக்கு நியாயம் செய்வதும் பரிசோதகரின் வேலைதான். குறையின் உண்மையான ஆழத்தைக் காட்ட, அதனுள் அளவுகோலின் நுனியை நுழைத்து எடுக்கலாம்.

ரோச்சின் நடுவில் மட்டும் கண்ணைப் பறிக்கும் வட்டம் விழுந்தால், அதன் முகப்பை வெள்ளைப் பொலித்தீன் பையால் மூடுங்கள், அல்லது ஒளியை வெள்ளைச் சுவரிலோ வெள்ளைத் தாளிலோ அடித்துத் திருப்புங்கள். பல தொலைபேசிகளில் கமராவைத் திறந்ததும் அதன் சொந்த விளக்கு அணைந்துவிடும் என்பதால் தனி ரோச் ஒன்று அவசியம். உதவிக்கு ஆளில்லாவிட்டால் அதை ஒரு கல்லின்மீது சாய்த்து வைக்கலாம்.

5. நைற் மோட்டை எப்பவும் போட்டு விடலாமோ?

வேண்டாம். நைற் மோட் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒரே படமாக்குகிறது; அதற்குச் சில செக்கன் தேவைப்படும். அசையாத கட்டடத்தின் முழுத்தோற்றம், வெற்று அறை, அத்திவாரக் குழி போன்றவற்றுக்கு, தொலைபேசியைக் கற்குவியலின்மீதோ மோட்டார் சைக்கிள் இருக்கையின்மீதோ ஊன்றி வைத்துக்கொண்டு இதனைப் பயன்படுத்தினால் மிக நன்றாக வரும். ஆட்கள் நடமாடும் தளத்தில் கை இரண்டும் கால் மூன்றுமாக ஒருவர் படத்தில் நிற்பார்.

நுண்ணிய குறைகளைப் பொறுத்தவரை இன்னொரு கவனம் வேண்டும். படத்திலுள்ள புள்ளிகளை அகற்றுவதற்காகத் தொலைபேசி செய்யும் மெழுகலில் மயிரிழை வெடிப்புகளும் அழிந்துபோகலாம். வெடிப்பைப் பக்க ஒளியோடு சாதாரண முறையிலேயே எடுங்கள்.

6. கிட்டப் போக ஏலாத இடத்தை சூம் பண்ணி எடுத்தா என்ன?

இருளில் சூம் செய்யும்போது பெரும்பாலான தொலைபேசிகள் பிரதான வில்லையின் படத்தில் ஒரு துண்டை வெட்டிப் பெருப்பிக்கின்றன. தொலைவுக்கான தனி வில்லை இருந்தாலும், ஒளி போதாதபோது அதனைக் கைவிட்டு இவ்வாறே செய்வதுண்டு. கை ஆட்டமும் அதே அளவில் பெருத்துவிடும். சாதாரண அளவிலேயே எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. கூரை முகட்டுக்கு ஒருவர் ஏறி ரோச்சைப் பிடித்தால், கீழே நின்று எடுத்த சாதாரணப் படமே போதும்.

அகன்ற காட்சிக்கான 0.5 வில்லையும் பொதுவாகப் பிரதான வில்லையைவிடக் குறைந்த ஒளியையே பெறுகிறது. சிறிய அறையில் அதைப் பயன்படுத்தினால் மூலைகள் கலங்குவதோடு, நேரான தூண்களும் சாய்ந்து தெரியும். தூண் நிமிர்ந்திருக்கிறதா என்று சர்ச்சை எழக்கூடிய தளத்தில் அந்த வில்லையைத் தொடவே வேண்டாம்.

7. அறைக்குள்ள எடுத்தா யன்னல் மட்டும் வெள்ளையா நிக்குது, சுவர் கறுத்துப்போகுது. ஏன்?

கமரா படத்திலுள்ள வெளிச்சம் முழுவதையும் சராசரியாகக் கணக்கிடுகிறது. யன்னல் சட்டத்துக்கு வெளியே வானம் தெரிந்தால் அதற்கேற்பப் படம் முழுவதையும் கறுப்பாக்கிவிடும். திரையில் சுவரைத் தொட்டு, தொட்ட இடத்தில் விரலைச் சிறிது அழுத்தி வைத்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டப்படும். அருகில் தோன்றும் சூரியன் அடையாளத்தை மேலே நகர்த்திச் சுவரை வெளிச்சமாக்கலாம். வெளியே உள்ள வானம் வெளிறட்டும். நமக்குத் தேவையானது சுவர்தான். வெளிச்சமான இடத்தையும் இருண்ட இடத்தையும் ஒரே படத்தில் சமப்படுத்தும் எச்.டி.ஆர். வசதி இருந்தால் அது இயங்குகிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட எளிய வழி, யன்னலுக்கு முதுகு காட்டி நிற்பது. அப்போது அந்த யன்னலே எதிர்ச்சுவருக்கு விளக்காகும். பக்கச் சுவர்களில் அதன் ஒளி சாய்ந்து விழுவதால், நான்காம் பதிலில் சொன்ன பயனும் செலவின்றிக் கிடைக்கும்.

8. கொங்கிறீட் போட ஆக்கள் நிக்கினம், மழை இருட்டுது, மேசன் அவசரப்படுத்துறார். ரெண்டு நிமிசத்தில எதை எடுக்கிறது சேர்?

எது முதலில் மூடப்படுமோ அதை முதலில். சுவரையும் கூரையையும் நாளையும் எடுக்கலாம். அத்திவாரக் குழியின் அடியை இன்னும் பத்து நிமிடத்தில் எவராலும் பார்க்க இயலாது. குழியின் அடியில் நீரோ இளகிய மண்ணோ இல்லை என்பது, கம்பி வலையை நிலத்தில் படாமல் உயர்த்தி வைக்கும் இடைவெளிக் கட்டிகள் அதன்கீழ் இருப்பது, தூணுக்காக எழும் கம்பிகளின் எண்ணிக்கை, அவற்றைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிகளின் இடைவெளி, இரு கம்பிகள் ஒன்றன்மேலொன்று படியும் நீளம் ஆகியவையே பின்னர் கேள்விக்குள்ளாகும். வீட்டுத்திட்டங்களில் பணம் கட்டம் கட்டமாக விடுவிக்கப்படுவதால், இந்தக் கட்டத்துப் படம் தெளிவில்லையெனில் பயனாளியின் அடுத்த கொடுப்பனவும் தாமதமாகலாம்.

முதற்படமாக, வேலையின் பெயரும் பயனாளியின் இலக்கமும் எழுதிய தாளை எடுங்கள். மாலையில் ஐந்து தளத்துப் படங்களைப் பிரிக்கும்போது அதுவே எல்லைக்கல். அடுத்து, குழியின் ஒரு மூலையில் நின்று, பின்னணியில் பக்கத்து வீட்டுக் கிணறோ பனையோ தெரியுமாறு முழுத்தோற்றம். பின்னர் ஒருவரை ரோச்சோடு எதிர் மூலையில் நிறுத்தி, நிலத்தோடு தாழ்வாக ஒளியைப் பாய்ச்சச் சொல்லி, கம்பி வலையை இடைத்தூரத்தில் எடுங்கள். கம்பிகளின் நிழல் அடியில் விழுவதால் அவை எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பதும் தெரியும். இறுதியாக அளவுநாடாவோடு அண்மைப் படங்கள்.

தளத்துக்குள் நுழையும்போதே கமரா கையில் இருக்க வேண்டும். பல அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் பக்கப் பொத்தானை இரு முறை அழுத்தினாலும், ஐபோனில் பூட்டிய திரையை இடப்பக்கமாகத் தள்ளினாலும் கமரா திறக்கும். எடுத்த படங்களில் முக்கியமான இரண்டையேனும் அங்கேயே பெரிதாக்கிப் பார்த்த பின்னரே “போடுங்கோ” என்று சொல்லுங்கள். அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து வரும் வரை மேசன் பொறுத்திருப்பார். வந்த பின்னர் பொறுக்கமாட்டார்.

9. ரேப்பை வச்சு எடுத்தாலும் இலக்கம் தெரியுதில்லையே?

உருக்கு நாடாவின் பளபளப்பில் ஒளி தெறிப்பதே வழமையான காரணம். நாடாவைச் சற்றுத் திருப்பினால் அந்தத் தெறிப்பு வில்லையை விட்டு விலகிவிடும். திரையில் கொங்கிறீட்டைத் தொடாமல் நாடாவிலுள்ள இலக்கத்தைத் தொட்டுக் குவியம் வையுங்கள். வெறும் சாம்பல் பரப்பில் கமராவால் பற்றிக்கொள்ள ஏதுமில்லை, கறுப்பு இலக்கத்தின் விளிம்பு அதற்குப் பிடிகொம்பாகும். மிக அருகே செல்லவும் வேண்டாம். பல தொலைபேசிகளின் பிரதான வில்லை ஏறத்தாழ 10 சென்ரிமீற்றருக்குள் வந்தால் குவியாது. புதியவற்றில் சில அந்த நேரம் தானாகவே அகன்ற வில்லைக்கு மாறிப் படம் இன்னும் இருண்டுவிடும். ஒரு முழம் தள்ளி நின்று எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்ளுங்கள்.

நாடாவின் பூச்சிய முனையும் வாசிக்கும் முனையும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். 150 மில்லிமீற்றர் இடைவெளியை ஒரு வளையத்துக்கு மட்டும் காட்டுவதைவிட, 6 இடைவெளிகளைச் சேர்த்து 900 மில்லிமீற்றர் எனக் காட்டுவது நம்பகமானது. வெடிப்பின் அகலத்துக்கு நாடா பயன்படாது, 0.5 மில்லிமீற்றர் பென்சில் முனையை வெடிப்பின் பக்கத்தில் வைத்து எடுத்தால் ஒப்பிட்டு மதிப்பிடலாம்.

10. பல்ப் வெளிச்சத்தில எடுத்தா குறுக்கால கோடு கோடா விழுது. கமரா பழுதோ?

பழுதில்லை. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், சில எல்.ஈ.டி. விளக்குகளும் குழல்விளக்குகளும் செக்கனுக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பைக் கமரா வரிவரியாகப் பதிவு செய்துவிடுகிறது. கமராவின் அளவுகளைக் கையால் மாற்றவிடும் புரோ மோட் இருந்தால், படமெடுக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 செக்கன் என வையுங்கள், கோடுகள் மறையும். மின்பிறப்பாக்கி வேகம் மாறி ஓடும் தளத்தில் இது எப்போதும் பலிக்காது. அந்த விளக்கை அணைத்துவிட்டு மின்கலத்தில் இயங்கும் ரோச்சை நம்புங்கள்.

11. நீலத் தறப்பாளுக்குக் கீழ எடுத்த படத்தில எல்லாமே நீலமா இருக்கு.

தறப்பாளின் ஊடாக வரும் ஒளியே நீலம். தறப்பாளின் ஒரு பக்கத்தை உயர்த்தச் சொல்லுங்கள். மணலின் நிறமோ செங்கல்லின் வேக்காடோ முக்கியமான இடத்தில், படத்தின் மூலையில் ஒரு வெள்ளைத் தாள் தெரியட்டும். பார்ப்பவர் அதனை வைத்து மற்ற நிறங்களை மதிப்பிட்டுக்கொள்வார்.

12. மாரி காலத்தில வாகனத்தால இறங்கி எடுத்த உடன படம் புகார் பிடிச்ச மாதிரி வருது?

குளிரூட்டிய வாகனத்தில் குளிர்ந்த வில்லையின்மீது வெளியிலுள்ள ஈரக்காற்று படிந்து நீர்த்துளியாகிறது. துடைத்தால் மீண்டும் படியும். தளத்தை அடைவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னரே குளிரூட்டியை நிறுத்தி யன்னலைத் திறந்துவிட்டால் தொலைபேசி வெளி வெப்பநிலைக்கு வந்துவிடும். மோட்டார் சைக்கிளில் செல்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களுக்கு மழையே சிக்கல். நனைந்த விரலைத் திரை ஏற்றுக்கொள்ளாதபோது ஒலியளவுப் பொத்தான் கைகொடுக்கும். தூறலில் பிளாஷ் ஏன் கூடாதென்பது மூன்றாம் பதிலில் உள்ளது.

13. கிணறு, மலசலகூடக் குழி, மதகின்ர உள்பக்கம், இதுகளை எப்பிடி எடுக்கிறது?

எந்தக் குழிக்குள்ளும் படத்துக்காக இறங்காதீர்கள். பாவனையிலிருந்த மலசலகூடக் குழியிலும் நெடுநாள் மூடியிருந்த கிணற்றிலும் நச்சுவாயு தேங்கியிருக்கலாம், அல்லது மூச்சுக்குரிய காற்றே இல்லாதிருக்கலாம். ரோச்சைக் கயிற்றில் கட்டி விளிம்போரமாக உள்ளே இறக்குங்கள். கமரா மேலேயே இருக்கட்டும். ஒளி உள்சுவரோடு வழுக்கிச் செல்வதால் வளையங்களின் பொருத்துகளும் கசிவுத் தடங்களும் தெரியும். மேலிருந்து ரோச்சை அடித்தால் அடியிலுள்ள நீர் ஒளியைத் திருப்பிக் கண்ணைக் கூசச்செய்யும்.

மதகிலும் துருசின் குழாய்வழியிலும் ஒரு முனையில் நின்று மறுமுனையை நோக்கினால் அங்குள்ள வெளிச்சம் படத்தைக் கெடுக்கும். மறுமுனையைத் தறப்பாளால் மறைக்கச் செய்யுங்கள், அல்லது ஏழாம் பதிலில் கூறியவாறு உட்சுவரில் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டுங்கள். குளத்துக் கதவு மூடியிருக்கிறது என்பதை அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தர் உறுதிப்படுத்தாமல் குழாய்வழியின் வாயில் நிற்க வேண்டாம்.

14. வீடியோ எடுத்து அதில இருந்து படம் வெட்டினா லேசுதானே?

சாதாரண முழு எச்.டி. வீடியோவின் ஒரு சட்டகத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகளே உள்ளன. புகைப்படத்தில் பொதுவாக 1 கோடியே 20 இலட்சம் அல்லது அதற்கு மேல். இருளில் வீடியோ மேலும் கலங்கும். நீண்ட வடிகாலின் தொடர்ச்சியைக் காட்டுவதற்கும், கதவொன்று திறந்து மூடுவதைக் காட்டுவதற்கும் அது நல்லது. அளவு காட்ட வேண்டிய இடத்தில் புகைப்படமே வேண்டும்.

15. முழு வீடும் விழ வேணுமெண்டு பின்னுக்குப் பின்னுக்குப் போறனாங்கள். அதில என்ன கவனிக்கிறது?

திரையைப் பார்த்தபடி பின்னே நடப்பதை நிறுத்துங்கள். முதலில் திரும்பிப் பார்த்து, நிற்க வேண்டிய இடத்தைத் தெரிவுசெய்து, அங்கு நடந்துபோய் நின்ற பின்னர் கமராவை உயர்த்துங்கள். கட்டு இல்லாத கிணறு, நிமிர்ந்து நிற்கும் கம்பி முனைகள், வெட்டிய குழி ஆகியவை எல்லாத் தளத்திலும் உண்டு. வன்னியில் இன்னும் இரண்டு உண்டு. முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்த 2009க்குப் பின்னரும் மிதிவெடி அகற்றல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அபாயப் பலகையோ நாடாவோ தெரியும் காணியின் ஓரத்தில், பாவிக்கப்படும் பாதையை விட்டு ஓரடியும் விலகக் கூடாது. மங்கல் ஒளியில் அந்தப் பலகையே கண்ணில் படாமல் போகலாம் என்பதால் அத்தகைய தளங்களைக் காலையில் பார்ப்பதென ஒழுங்கு செய்யுங்கள். காட்டோரத் தளங்களில் பொழுதுபட்ட பின்னர் யானை வரக்கூடும். ஊரவர் “இனிப் போவம்” என்றால் படம் எஞ்சியிருந்தாலும் புறப்படுவதே சரி.

வீடு முழுவதும் ஒரே படத்தில் அடங்காவிட்டால் எதிரெதிர் மூலைகளிலிருந்து இரண்டு படங்கள் எடுத்தால் போதும். படமெடுத்தல் தடை என்ற பலகையுள்ள முகாம் வேலியருகே, அந்த வேலி பின்னணியில் விழாத கோணத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

16. போனில தெளிவாத்தான் இருந்தது, வட்ஸ்அப்பில அனுப்பினா கந்தோரில மங்கல் எண்டுகினம்.

வட்ஸ்அப் படத்தைச் சுருக்கியே அனுப்புகிறது. பகல் படத்தில் அது பெரிதாகத் தெரியாது. மங்கல் ஒளிப் படத்திலோ நிழல்களில் உள்ள நுணுக்கமே முதலில் அழியும். மேலும், படத்தினுள் பதிந்திருக்கும் எடுத்த நேரம், இடம் ஆகிய விபரங்களும் நீங்கிவிடும். இணைக்கும்போது ‘டொக்கியுமென்ற்’ என்பதைத் தெரிவுசெய்து அனுப்பினால் மூலப்படம் மாறாமல் செல்லும். சிக்னல் குறைந்த ஊரிலிருந்து அனைத்தையும் அவ்வாறு அனுப்புவது சிரமம். மூடப்படும் வேலையின் படங்களை மட்டும் அவ்வாறு அனுப்பி, மற்றவற்றைக் கந்தோரில் வயர் மூலம் கணினிக்கு மாற்றலாம்.

17. திகதியும் ஜீ.பி.எஸ்.ஸும் படத்துக்கு மேலேயே விழ வேணுமோ?

உங்கள் அலுவலகம் கேட்டால் வேண்டும். அதற்கான செயலிகளில் சில படத்தின் அளவைக் குறைத்துவிடும், சில நைற் மோட்டைப் பயன்படுத்தவிடாது. எழுத்துப் பட்டை படத்தின் அடியில் விழுவதால், தூணின் அடியையோ நாடாவின் முனையையோ மறைத்துவிடுவதும் உண்டு. முழுத்தோற்றத்தைச் செயலியிலும் நுணுக்கங்களைத் தொலைபேசியின் சொந்தக் கமராவிலும் எடுப்பது நல்ல நடைமுறை. கமரா செற்றிங்ஸில் இட விபரத்தை இயக்கி வைத்தால், பட்டை இல்லாத படத்தினுள்ளும் அது பதியும். தகரக் கூரையின்கீழும் அடர்ந்த மரங்களின்கீழும் ஜீ.பி.எஸ். பல மீற்றர் பிசகும். வெளியே வந்து வானம் தெரிய ஒரு நிமிடம் நின்று முதற்படத்தை எடுங்கள்.

18. இருட்டா வந்த படத்தைப் பிறகு வெளிச்சமாக்கினா அது மோசடியோ?

படம் முழுவதையும் ஒரே அளவில் வெளிச்சமாக்குவதும் ஓரங்களை வெட்டுவதும், பிரதியில் மட்டும் செய்யப்பட்டு மூலப்படமும் பாதுகாக்கப்பட்டால், ஏற்கத்தக்கவை. அறிக்கையில் “வெளிச்சம் கூட்டப்பட்டது” என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். கலங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கும் செயலிகளை மட்டும் அண்டவிடாதீர்கள். ஐந்தாம் பதிலில் சொன்ன மெழுகல் உள்ள வெடிப்பை அழிக்கக்கூடியது. இந்தச் செயலிகளோ இல்லாத கோட்டையும் வரைந்துவிடும், நாடாவின் 6 ஐ 8 ஆகவும் ஆக்கிவிடும். அத்தகைய படத்தை வைத்துக் கொடுப்பனவை நிறுத்தினாலும் விடுவித்தாலும் எதிர்த்தரப்பின் கேள்விக்குப் பதில் இராது.

19. கொங்கிறீட் போட்டு முடிஞ்சுது. வீட்டை வந்து பாத்தா கம்பிப் படம் எல்லாம் கலங்கல். இப்ப என்ன செய்யலாம்?

படம் இல்லையென்பதை அன்றே எழுத்தில் பதியுங்கள். தளக் குறிப்புப் புத்தகத்தில் நீங்கள் அளந்த அளவுகள், அங்கிருந்தோர், நேரம் ஆகியவற்றை எழுதி, “படங்கள் தெளிவில்லை” என்பதையும் சேர்த்து, மேலதிகாரிக்கு அறிவியுங்கள். கலங்கிய படங்களையும் அழிக்காதீர்கள். கம்பிகளின் எண்ணிக்கையேனும் அவற்றில் தெரியலாம், எடுத்த நேரமும் அவற்றினுள் உள்ளது. மேசனும் பயனாளியும் தத்தம் தொலைபேசியில் ஏதேனும் எடுத்தார்களா எனக் கேட்டு, இருந்தால் அதனைப் பதினாறாம் பதிலில் சொன்ன வழியில் பெற்றுக்கொள்ளுங்கள். பக்கத்துக் காணியின் அத்திவாரப் படத்தை இதற்குள் செருகும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். இரண்டு வீடும் ஒரே வரைபடம் என்பது உண்மைதான்; பின்னணியில் நிற்கும் பனை அதுவல்ல என்பதை ஊரிலுள்ள எவரும் கண்டுபிடிப்பார்.

தூணுக்கான கம்பிகள் இன்னும் வெளியே நிற்குமாதலால் அவற்றின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மறுநாள் காலை வெளிச்சத்தில் எடுக்கலாம். மூடப்பட்ட கம்பியின் இடத்தையும் அதனை மூடியுள்ள மேல்மூடு கொங்கிறீட்டின் தடிப்பையும், கொங்கிறீட்டை உடைக்காமல் காந்த முறையில் அறியும் கருவி உண்டு. ஆயினும் அத்திவாரத்தின் அடிப்பக்கக் கம்பி போல ஆழத்தில் உள்ளதை அது எட்டாது. ஐயம் பாரதூரமானதாயின், மண் நிரப்பும் முன்னர், எந்த இடத்தில் எவ்வளவு திறந்து பார்ப்பது என்பதைப் பொறியியலாளர் தீர்மானிக்கட்டும். அந்த இடத்தைத் திறக்கும் நாளில் ரோச்சோடு காலையிலேயே போங்கள்.